ஜேம்ஸ் வாட்டும் அவர் அமைத்த குளிர்கலமும்

நீராவிப் பொறியைக் கண்டுபிடித்தவர் யாவர் என வினவின், ஜேம்ஸ் வாட் என விடை பகர்வோர் பலர். கெண்டியில் நீர் கொதிக்க, அதன் மூடி ஆவியால் எழுந்து எழுந்து விழுவதைச் சிறுவனாகிய வாட் கண்டு நின்றான் என்றும், அக்காட்சியினின்றே நீராவிப் பொறி தோன்றிற்று என்றும் ஒரு கதை சிறுவர் பாட நூல்களில் வழங்கி வருகின்றது. கதை இனியதே. ஆயின் வாட், ஸ்காட்லாந்து தேயத்தில் கிரீனக் என்னும் துறைமுகப்பட்டினத்தில் 1736-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 19-ஆம் நாள் பிறப்பதற்கு இருபத்து மூன்று ஆண்டுகட்கு மேலாகவே நீராவிப் பொறி இங்கிலாந்தின் சுரங்கங்களில் நீர் இறைத்துக்கொண்டிருந்தது. வாட் செய்தது முன்னிருந்த பொறியில் ஒரு திருத்தம். அத்திருத்தம் யாது, அது வேண்டப்பட்டது எற்றுக்கு, அதனால் விளைந்தவை யாவை என்பனவற்றை இயன்ற அளவு தெளிவுபடுத்துதலே இக்கட்டுரையின் கருத்து. தமிழ் ஆனர்ஸ் வகுப்பில் இலக்கணம் பயில்வானுக்குக் கொதிகலத்தோடு என்ன உறவு என நண்பர் சிலர் நகைத்தல் கூடும். பொறியியல் கற்போர் எழுதுவாரல்லரேல், தமிழ் கற்போரேனும் எழுதுதல் வேண்டுமன்றோ?

முதற்கண் பழைய பொறியின் இயல்பை அறிதல் வேண்டும். நிலக்கரியும் உலோகங்களும் எடுக்கும் சுரங்கங்கள் ஆழம் மிக மிக, ஊற்று நீர் பெருகி வேலையாட்களைத் துரத்தும். குதிரைகளைக் கட்டி இறைத்தும் நீர் வற்றாத இடத்துச் சுரங்கத்தையே கைவிட நேரும். இவ்விடர் தீர்த்தவர் டார்ட்மத் என்னும் ஊரில் இரும்புக் கடை வைத்திருந்த தாமஸ் நியூகாமன். அவர் 1712-ஆம் ஆண்டு டட்லி கோட்டைக்கு அணித்தாக நிறுவிய பொறியே நம்பத்தக்கவாறு வேலை செய்த முதற் பொறியாகக் கருதப்படுகின்றது.

அதன் அமைப்பை நம் நாட்டு ஏற்றத்தைக் கண்டவர் எளிதில் மனத்திற் கொள்வர். ஏற்றத்தில் ஒரு துலாமரம் நடுவில் தாங்கப்பெற்று இருபுறமும் ஏறி இறங்குமல்லவா? நியூகாமன் பொறியிலும் அத்தகைய பெருந்துலாம் ஒன்று உண்டு. அதன் ஒரு முனையிற் சுரங்கத்துள் இறங்கும் பம்பின் கனத்த தண்டு தொங்கும். மற்றை முனையில், ஏற்றத்தின்மேல் ஆள் மிதிக்கும் இடத்தில், சங்கிலியாற் பிணித்த பிஸ்டன் ஒன்று நிற்கும். பிஸ்டன் என்பது மேல்வாய் திறந்த ஓர் உலோக உருளைக்குள்ளே காற்றுப் புகாதபடி பொருந்தி, மேலும் கீழும் இயங்கும் தட்டு. பம்புத் தண்டின் பாரத்தால் துலாத்தின் மறுமுனை தாழ, பிஸ்டன் உயரும். அப்பொழுது கீழுள்ள கொதிகலத்தினின்று நீராவி உருளையுள் நிறையும். உடனே ஆவி வரும் வழியை அடைத்துக் குளிர்ந்த நீரை உருளைக்குள்ளே பீச்சுவர். ஆவி சுருங்கி நீராகிவிடும். நீரின் ஒரு பங்கு ஆவியாங்கால் ஆயிரத்து அறுநூறு மடங்கிற்கு மேல் விரியுமாதலின், அது மீண்டும் நீராகுங்கால் உருளையில் ஏறக்குறைய வெற்றிடமே எஞ்சும். மேலே திறந்த வாயின் வழியாக வானத்துக் காற்று தன் முழுப்பாரத்தோடும் பிஸ்டனைக் கீழே அழுத்தும். சுரங்கத்து நீர் மேலே வரும்.

ஆகவே அப்பொறியில் வலியுறுத்தித் தள்ளியது நீராவியன்று, காற்றே என்பதை அறிக. டட்லியிலிருந்த பொறியின் உருளை 21 அங்குலக் குறுக்களவுடையது. காற்று சதுர அங்குலம் ஒன்றிற்கு 14.7 இராத்தல் பாரம் அழுத்துமாதலின், முற்றிய வெற்றிடம் வாய்த்தால் அப்பிஸ்டன்மேல் 5,000 இராத்தலுக்குக் குறையாத பாரம் விழும். உண்மையில் வெற்றிடம் முற்றியதன்று. வலியும் அத்துணை இல்லை. எனினும் நிமிடத்திற்குப் பன்னிரண்டு முறை இயங்கி, ஒவ்வொரு முறையும் 10 காலன் நீரை 153 அடி ஆழத்தினின்று அது வெளிக்கொணர்ந்தது. ஐந்து குதிரைகளுக்கு மேற்பட்ட ஆற்றல் என இதனைக் கணக்கிடலாம்.

இத்துணைப் பயனுடைய பொறிக்கு ஒரு பெருங்குறை இருந்தது. அது நிலக்கரியைத் தின்றது. தின்றது என்னும் சொல்லே பொருந்தும். நிலக்கரிச் சுரங்கத்தின் வாயிலிலேயே நின்ற பொறிக்கு விலைபோகாத கழிவுக் கரி கிடைத்தமையின், ஆண்டு இக்குறையை எவரும் பெரிதாக எண்ணவில்லை. ஆனால் இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியிலுள்ள கார்ன்வால் நாட்டில் வெள்ளீயமும் செம்பும் உண்டு, நிலக்கரி இல்லை. வேல்ஸ் நாட்டினின்று கப்பலேற்றிக் கொணரவேண்டும். வந்த செம்பின் இலாபமெல்லாம் கரியின் விலையாகப் புகைந்து போயிற்று. ஜான் ஸ்மீட்டன் என்னும் சிறந்த பொறிவல்லார் 1769-இல் நியூகாஸில் பக்கத்துப் பொறிகள் பலவற்றை அளந்து பார்த்தார். ஒரு புஷல் கரியை எரித்தால், ஓர் இராத்தல் எடையை ஓர் அடி உயர்த்தும் வேலையை அலகாகக் கொண்டு, சராசரி ஏறக்குறைய 56 இலட்சம் அலகு வேலையே அவை செய்தன. பெரிய எண் எனத் தோன்றும். ஆயின் கரியிற் பொதிந்த வெப்பத்தோடு ஒப்பிட்டு நோக்கின், நூற்றில் ஒரு பங்குகூட வேலையாக மாறவில்லை. எஞ்சிய தொண்ணூற்றொன்பதும் வீண். ஸ்மீட்டன் பிஸ்டனைச் செவ்விதாகப் பொருத்தியும் கொதிகலத்தைத் திருத்தியும் அவ்வேலையை ஏறக்குறைய 95 இலட்சமாக்கினார். பழைய அமைப்பை மாற்றாமற் செய்யக்கூடிய திருத்தம் அவ்வளவே.

அமைப்பையே மாற்றும் எண்ணம் ஒரு விளையாட்டுப் பொருள் போன்ற சிறு மாதிரியினின்று பிறந்தது. வாட் கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்தில் 1757 முதல் கணிதக் கருவிகள் செய்வோராகவும் பழுது பார்ப்போராகவும் இருந்தார். பௌதிக வகுப்பிற் காட்டுதற்கென ஒரு நியூகாமன் மாதிரி அங்கே இருந்தது; உருளையின் குறுக்களவு இரண்டு அங்குலம், பிஸ்டன் ஏறி இறங்கும் அளவு ஆறு அங்குலம். அது செவ்வனே ஓடாமையின், 1763-64 குளிர்காலத்தில் அதனைத் திருத்தும்படி அவரிடம் கொடுத்தனர். இன்றும் அம்மாதிரி கிளாஸ்கோவில் ஹன்டேரியன் பொருட்காட்சிச்சாலையில் இருக்கின்றது. வாட் அதனைப் பழுது நீக்கிவிட்டார். ஆயினும் சிலமுறை ஏறி இறங்கியவுடன் அது நின்றுவிடும்; கொதிகலம் ஆவி கொடுத்து மாளவில்லை. பிறராயின், மாதிரிதானே, அப்படித்தான் இருக்கும் என விட்டிருப்பர். வாட் விடவில்லை. இவ்விடத்திலேதான் அவருடைய பெருமை தொடங்குகின்றது என்பது என் எண்ணம்.

சிறு பொறி ஏன் பெரும் பொறியினும் மிகுதியாக ஆவியை விழுங்குகின்றது? கிண்ணத்திலிட்ட கஞ்சி விரைவில் ஆறிவிடும். அண்டாவிலுள்ளது நெடுநேரம் சூடாக இருக்கும். அளவைப் பாதியாகக் குறைத்தால், பாத்திரத்தின் கொள்ளளவு எட்டில் ஒன்றாகக் குறையும். அதன் மேற்பரப்போ நாலில் ஒன்றாகவே குறையும். ஆகவே சிறிய உருளையில் ஆவியின் அளவிற்கு அதனைச் சூழ்ந்த உலோகப் பரப்பு மிகுதி. அவ்வுலோகமே ஆவியைக் குடித்துவிடுகின்றது. எவ்வாறெனின், ஒவ்வொரு முறையும் குளிர்நீர் பீச்சுவதால் உருளை குளிர்ந்துபோகின்றது. அடுத்த முறை வரும் ஆவி முதலில் அவ்வுருளையைச் சூடாக்குவதிலேயே தன்னை இழந்து நீராகின்றது. சூடான பின்னரே எஞ்சிய ஆவி உருளையை நிரப்பும். வாட் அளந்து நோக்கியபொழுது, உருளையின் கொள்ளளவைப்போற் பன்மடங்கு ஆவி ஒவ்வொரு இயக்கத்திற்கும் செலவாவதைக் கண்டார்.

இன்னொரு வியப்பும் அவருக்குக் காத்திருந்தது. மிகச் சிறிதளவு நீரினின்று எழுந்த ஆவி, தன் எடையைப்போல் ஆறு மடங்கு கிணற்று நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிட்டது. இஃது எவ்வாறு இயலும் என அவர் தம் நண்பரும் அப்பல்கலைக்கழகத்து ஆசிரியருமாகிய ஜோசப் பிளாக்கை வினவினார். பிளாக் தாம் முன்னரே கண்டறிந்து மாணவர்க்குக் கற்பித்துவந்த மறைவெப்பக் கொள்கையை எடுத்துரைத்தார். கொதிக்கும் நீர் ஆவியாக மாறுங்கால், வெப்பமானி ஒரு சிறிதும் ஏறாமலே, பெருவெப்பத்தை உட்கொள்ளுகின்றது. மீண்டும் நீராகுங்கால் அதனை முழுதும் வெளிவிடுகின்றது. இன்றைய அளவுப்படி கணக்கிட்டாலும் இது சரியாகவே வரும். ஒரு கிராம் ஆவி நீராகும்பொழுது 540 கலோரி வெளிப்படும். பத்துப் பாகையிலுள்ள ஒரு கிராம் நீரை நூறு பாகைக்கு ஏற்ற 90 கலோரி வேண்டும். 540-ஐ 90-ஆல் வகுப்பின் ஆறு. ஆவியை வீணாக்குதல் எத்துணைப் பெரிய இழப்பு என்பது இப்பொழுது வாட்டிற்கு விளங்கிற்று.

ஆவி வீணாகாமல் இருக்கவேண்டுமாயின், உருளை எப்பொழுதும் ஆவியைப்போலவே சூடாக இருத்தல் வேண்டும். நல்ல வெற்றிடம் உண்டாகவேண்டுமாயின், உருளையிலுள்ள நீர் நன்கு குளிர்ந்திருத்தல் வேண்டும். இன்றேல் அழுத்தம் குறைந்த இடத்தில் வெதுவெதுப்பான நீரும் மீண்டும் ஆவியெழுப்பி வெற்றிடத்தைக் கெடுக்கும். ஒரே உருளை ஒரே காலத்துச் சூடாகவும் குளிர்ந்தும் இருத்தல் வேண்டும்! இம்முரணைத் தீர்க்கும் வழி தோன்றாது வாட் பல திங்கள் உழன்றார்.

1765-ஆம் ஆண்டு மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், அவர் கிளாஸ்கோ நகரத்துப் பொதுப் பசும்புல்வெளியில் உலாவச் சென்றார். ஆவியானது காற்றைப்போல் விரிந்து பரவும் இயல்புடையது. வெற்றிடம் உள்ள ஒரு கலத்தை உருளையோடு இணைத்துவிட்டால், ஆவி தானே அதனுள் பாய்ந்து புகும். அங்கே அதனைக் குளிரச் செய்யலாம். உருளையைக் குளிரச் செய்யவேண்டுவதேயில்லை என்னும் எண்ணம் அவ்வுலாவில் அவருக்கு உதித்தது. சூடு ஓரிடத்தும் குளிர்ச்சி மற்றோரிடத்துமாகப் பிரிந்துவிட்டன. இதுவே குளிர்கலம். வீடு திரும்புமுன் பொறி முழுதும் தம் மனத்தில் அமைந்துவிட்டது என வாட் பிற்காலத்துக் கூறியுள்ளார். ஓய்வுநாளில் கருவியைத் தொடுதல் அக்காலத்து ஸ்காட்லாந்தின் வழக்கிற்கு ஒவ்வாது. ஆதலின் மறுநாட் காலை எழுந்து வேலை தொடங்கினார். மருத்துவர் பயன்படுத்தும் பித்தளைப் பீச்சுகுழல் ஒன்றே உருளை. குறுக்களவு ஒன்றேமுக்கால் அங்குலம், நீளம் பத்து அங்குலம். தகரக் குழாய்கள் குளிர்கலமாயின. அவ்வெளிய கருவி ஏறக்குறைய 18 இராத்தல் எடையைத் தூக்கிற்று.

குளிர்கலத்தோடு வேறு சில மாறுதல்களும் தாமே தொடர்ந்தன. குளிர்ந்த நீரும், அதனோடு கசிந்து புகும் காற்றும் கலத்திற் சேர்ந்துவிடாதபடி வெளியேற்ற ஒரு காற்றுப் பம்பு வேண்டும்; அதனைத் துலாமே இயக்குமாறு செய்தார். பிஸ்டனைத் தள்ளும் வெளிக்காற்று உருளையின் உட்புறத்தைக் குளிர்விக்குமாகையால், உருளையின் மேல்வாயை மூடி, காற்றுக்குப் பதிலாக ஆவியே பிஸ்டனை அழுத்தும்படி அமைத்தார். உருளையைச் சுற்றி ஆவி நிறைந்த உறை ஒன்றும் இட்டார். பிஸ்டன் இடுக்கில் ஆவி கசியாமலிருக்கப் பழையவர் நீரைத் தேக்கி வைத்தனர். நீரும் குளிர்விக்குமாதலின் வாட் எண்ணெயும் கொழுப்பும் இட்டார். எல்லாம் ஒரே கருத்தின் கிளைகள்: உருளை சூடாகவே இருத்தல் வேண்டும்.

எண்ணம் ஒரு பிற்பகலில் தோன்றிற்று. பொறி சுரங்கத்தில் ஓடுதற்குப் பதினோராண்டு ஆயிற்று. இவ்விடைக்காலத்து வரலாறு எனக்கு மற்றெதனினும் உள்ளத்தைத் தொடுவதாயுளது. வாட்டிடம் பொருளில்லை. காரன் இரும்பாலையை நிறுவியோருள் ஒருவராகிய ஜான் ரீபக் அவருடைய கடனை ஏற்றுக்கொண்டு, உரிமையில் மூன்றில் இரண்டு பங்கைப் பெற்றார். 1769-ஆம் ஆண்டு ஜனவரி 5-ஆம் நாள் தனியுரிமைப் பத்திரம் கிடைத்தது. ஆயினும் அதே ஆண்டிற் கின்னீலில் கட்டிய பெரும்பொறி சரிவர ஓடவில்லை. ஒரு பெரிய உருளையை உள்ளே வட்டம் பிழையாமற் கடைந்து கொடுக்கவல்ல கம்மியர் அக்காலத்தில் இல்லை; பிஸ்டனுக்கும் உருளைக்கும் இடையே ஆவி கசிந்தது. பிழைப்பின் பொருட்டு வாட் கால்வாய்களுக்கு நிலம் அளக்கும் வேலையை மேற்கொண்டார். 1773-இல் ரீபக் பெருங்கடனில் வீழ்ந்தார். அதே ஆண்டு வாட்டின் மனைவி காலமானார்.

மீட்டவர் இருவர். பர்மிங்ஹாமுக்கு அருகே ஸோஹோவில் பெருந்தொழிற்சாலை நடத்திய மாத்யூ போல்ட்டன், ரீபக்கின் பங்கைத் தமக்கு வரவேண்டிய கடனுக்கு ஈடாகப் பெற்றார். 1774-இல் வாட் அங்குச் சென்றார். மற்றவர் ஜான் வில்கின்சன் என்னும் இரும்பாலை உடையவர். அவர் பீரங்கி கடைதற்கு 1774-இல் ஒரு முறையைக் கண்டு, பின் அதனைத் திருத்தி உருளை கடைவதற்கு ஏற்றதாக்கினார். கடையும் உளியைத் தாங்கும் தண்டு உருளையின் இருபுறமும் ஊடுருவி இருமுனையிலும் தாங்கப்பெறுமாறு அமைத்தமையின் உளி வளையாது நேரே சென்றது. ஐம்பது அங்குலக் குறுக்களவுள்ள உருளையிலும் ஒரு பழைய ஷில்லிங் நாணயத்தின் கனம்கூடப் பிழை நேரவில்லை என்று போல்ட்டன் மகிழ்ந்து எழுதினார். 1776 மார்ச்சில் டிப்டனை அடுத்த புளூம்பீல்டு நிலக்கரிச் சுரங்கத்தில் அத்தகைய 50 அங்குல உருளையுடன் வாட்டின் பொறி இயங்கத் தொடங்கிற்று. அறிவாளியின் எண்ணத்திற்குக் கம்மியன் கை துணையாகாத வரையில் அது தாளிலேயே கிடந்தது என்பதை மறத்தலாகாது. வாட்டைப் புகழ்வோர் வில்கின்சனை நினைப்பது அரிது.

போல்ட்டனும் வாட்டும் பொறியை விற்றதைவிடச் சேமிப்பை விற்றார்கள் எனலாம். பழைய பொறி எரித்திருக்கக்கூடிய கரியினின்று புதிய பொறி எரித்த கரியைக் கழித்து, மிஞ்சிய கரியின் விலையில் மூன்றில் ஒரு பங்கைச் சுரங்கத்தார் செலுத்தவேண்டும் என்பது ஒப்பந்தம். எத்தனை முறை பொறி இயங்கிற்று என்பதை எண்ணும் கருவி ஒன்றைத் துலாத்தின்மேற் பூட்டிய பெட்டியுள் வைத்தனர். 1777 முதல் கார்ன்வாலில் இப்பொறிகள் பெருகின. ஒரு புஷல் கரிக்கு ஏறக்குறைய 2 கோடி அலகு வேலை கிடைத்தது; ஸ்மீட்டனின் சிறந்த பொறியினும் இரட்டிப்பு, பழையவற்றினும் மூன்று நான்கு மடங்கு.

பின்னர் வாட் செய்த திருத்தங்கள் பல. சுழல்தண்டை மற்றொருவர் 1780-இல் தமக்குரியதாக்கிக்கொண்டமையின், ஞாயிற்றைக் கோள் சுற்றிவருவதுபோலப் பற்சக்கரம் பற்சக்கரத்தைச் சுற்றும் அமைப்பை 1781-இற் கொணர்ந்து, ஏறி இறங்கும் இயக்கத்தைச் சுழலும் இயக்கமாக்கினார். பிஸ்டனின் இருபுறமும் ஆவி மாறி மாறித் தள்ளுமாறு 1782-இலும், பிஸ்டன் தண்டு பிறழாது நேரே செல்லும் இணையியக்கச் சட்டத்தை 1784-இலும் அமைத்தார். இவற்றுள் இணையியக்கச் சட்டத்தையே அவர் பெரிதும் பெருமையாகக் கருதினார். ஆயினும் நமக்குக் குளிர்கலமே தலையாயது.

இனிச் சொல்லப்படுவது பலர் சொல்லாது விடுவது. தனியுரிமை பதினான்கு ஆண்டில் முடியவேண்டியது; 1775-இல் பார்லிமெண்டுச் சட்டத்தால் 1800 வரை நீட்டப்பட்டது. அச்சட்டத்தை எட்மண்டு பர்க் எதிர்த்தார். நீட்டிப்பு இல்லாவிடின் போல்ட்டன் பொருள் இட்டிருப்பாரோ என்பது ஐயமே. ஆயின் அக்காலம் முழுவதும் வாட்டின் குளிர்கலத்தைப் பயன்படுத்தாமல் எவரும் சிக்கனமான பொறி செய்தல் இயலாது. ஜோனதன் ஹார்ன்புளோவர் 1781-இல் இரண்டு உருளைகளில் ஆவியை அடுத்தடுத்து விரியவைக்கும் நல்ல பொறி ஒன்றுக்கு உரிமை பெற்றும், அது வாட்டின் உரிமையோடு மோதியமையால் தழைக்கவில்லை. கார்ன்வால் சுரங்கத்தார் பணம் செலுத்த மறுத்தனர், வழக்குகள் நீண்டன, 1799-இல் தீர்ப்பு வாட்டிற்கே சார்பாயிற்று. வலிய அழுத்தமுள்ள ஆவியைப் பயன்படுத்துதலை வாட் விரும்பவில்லை. கொதிகலம் வெடிக்கும் என்பது அவர் அச்சம். அஃது அடிப்படையற்றதன்று; 1803-இல் கிரீனிச்சில் டிரெவிதிக் என்பாரின் கொதிகலம் வெடித்து உயிர்ச்சேதம் விளைந்தது.

எனினும் எதிர்காலம் டிரெவிதிக்கின் பக்கமே இருந்தது. அவர் கார்ன்வால் சுரங்கத் தலைவர் ஒருவரின் மகன். தண்டவாளத்தின்மேல் நீராவி வண்டியை 1804-இல் வேல்ஸில் ஓட்டியவரும் அவரே. வாட்டின் உரிமை 1800-இல் முடிந்தது. முடிந்தவுடன் நன்மை விளைந்தது என எண்ணற்க. ஸோஹோவின் ஆட்கள் கார்ன்வாலை விட்டு நீங்கவே, பொறிகள் கவனிப்பாரின்றிச் சீர்கெட்டன. 1811-இல் ஜோயல் லீன் என்பவர் ஒவ்வொரு சுரங்கப் பொறியும் ஒரு புஷல் கரிக்கு எத்துணை வேலை செய்தது என்பதை அளந்து, திங்கள்தோறும் அச்சிட்டு யாவர்க்கும் தெரியப்படுத்தத் தொடங்கினார். அப்பொழுது சராசரி ஏறக்குறைய 1 கோடியே 70 இலட்சம். ஒருவர் செய்த திருத்தத்தை அடுத்த சுரங்கத்தார் கண்டு மேலும் திருத்தினர், எவரும் மறைக்கவில்லை. டிரெவிதிக்கின் வலிய ஆவி, அதனைப் பாதிவழியில் நிறுத்தி விரியவிடும் முறை, வாட்டின் குளிர்கலம் ஆகிய மூன்றும் ஒன்றாயின. 1835-இல் போவி கன்சால்ஸ் என்னும் சுரங்கத்துப் பொறி ஒன்று சோதனையில் 12½ கோடி அலகு வேலை செய்தது. வாட்டின் பொறியினும் ஆறு மடங்கு! வாட் 1819-இல் இறந்தார், இதனைக் காணவில்லை.

இத்துணைக்கும் எல்லை யாது என்னும் வினாவை 1824-இல் பிரெஞ்சு நாட்டுப் பொறிவல்லாராகிய சாதி கார்னோ எழுப்பினார். நீர் மேட்டினின்று பள்ளத்திற்கு விழுங்கால் சக்கரத்தைச் சுழற்றுவதுபோல, வெப்பமும் சூடான இடத்தினின்று குளிர்ந்த இடத்திற்குச் செல்லுங்காலே வேலை செய்யும் என்பது அவர் கண்ட உண்மை. மேட்டின் உயரம் கொதிகலம். பள்ளத்தின் ஆழம் குளிர்கலம். டிரெவிதிக் மேட்டை உயர்த்தினார். வாட் பள்ளத்தை ஆழமாக்கினார். கார்னோ எழுதுவதற்கு ஐம்பத்தொன்பது ஆண்டுகட்கு முன்னரே, கொள்கை அறியாமல், அளவுகோலும் வெப்பமானியும் கொண்டு வாட் அவ்விடத்தைத் தொட்டுவிட்டார்.

ஏறி இறங்கும் பிஸ்டன் இன்று மின்நிலையங்களில் இல்லை. 1884-இல் சார்லஸ் பார்ஸன்ஸ் அமைத்த டர்பைன் அதன் இடத்தைக் கொண்டது. ஆயின் குளிர்கலம் போகவில்லை. நம் கூடங்குளத்தில் அணுவுலையின் வெப்பத்தால் எழும் ஆவி, டர்பைனைச் சுழற்றிய பின் புகும் இடம் குளிர்கலமே. அங்கே எண்ணற்ற மெல்லிய குழாய்களின் உள்ளே கடல்நீர் ஓட, வெளியே ஆவி குளிர்ந்து நீராகி, மீண்டும் கொதித்தற்குச் செல்லுகின்றது; ஆவியின் மறைவெப்பத்தை ஏற்ற கடல்நீர் சிறிது வெப்பமேறிக் கடலுக்கே திரும்புகின்றது.